‘மேக் அவுட்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரிந்துகொள்வதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் ‘மேக் அவுட்’ கொஞ்சம் குறும்பு பிடித்தது. ஒரு வாக்கியத்தில் கையெழுத்து புரியவில்லை என்கிறது. அடுத்த வாக்கியத்தில் காசோலை எழுதச் சொல்கிறது. மூன்றாவதில் இரண்டு பேர் முத்தமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பகலில் மொழிபெயர்ப்பு, மாலையில் ஆங்கில வகுப்பு என்று காலம் தள்ளும் என்னிடம் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கதை பேசத்தான் வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக என்ன பொருள்?

கண்ணுக்கோ காதுக்கோ அறிவுக்கோ எளிதில் அகப்படாத ஒன்றை முயன்று தெரிந்துகொள்வது. ‘ஐ கான்ட் மேக் அவுட் ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங்’ என்றால், ‘அவர் கையெழுத்து எனக்குப் புரியவில்லை’. ‘முயன்று’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பட்டப்பகலில் எதிரே நிற்கும் யானையை யாரும் ‘மேக் அவுட்’ செய்வதில்லை. பனிமூட்டத்துக்குள் அசைவது யானையா பாறையா என்று உற்றுப் பார்க்கிறோமே, அங்கேதான் இந்தச் சொல்லுக்கு வேலை.

‘அண்டர்ஸ்டாண்ட்’ என்றே சொல்லிவிட்டுப் போகலாமே?

போகலாம், ஆனால் சில இடங்களில் பொருள் மாறிவிடும். எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். கடையில் இருந்த பெண் அதை விரித்துப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே எரிந்த குழல்விளக்கின் பக்கம் தூக்கிப் பிடித்தார். இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். உதவிக்கு இருந்த பையனிடம் காட்டி, “முதல் எழுத்து எம்மா, என்னா?” என்றார். பையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “கடைசியில் ஐந்நூறு என்று மட்டும் தெரிகிறது அக்கா” என்றான். அந்தப் பெண் பெரியவர் பக்கம் திரும்பி, “ஐயா, உங்களுக்கு என்ன தொந்தரவு?” என்று கேட்டார். “சர்க்கரைதான் அம்மா, வேறு ஒன்றும் இல்லை.” அவர் முகம் தெளிந்தது. “அப்படியானால் இது மெட்ஃபார்மினாகத்தான் இருக்க வேண்டும்” என்றவர், அதோடு விடாமல் சீட்டின் தலைப்பில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்ட பிறகே அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியாதது மருத்துவம் அல்ல, எழுத்து. ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் திஸ்’ என்று அவர் சொல்லியிருந்தால், எழுதியிருப்பதன் பொருள் தனக்கு விளங்கவில்லை என்றாகிவிடும். படித்த படிப்புக்கே இழுக்கு. ‘ஐ கான்ட் மேக் திஸ் அவுட்’ என்றால் குறை சீட்டின் தலையில் விழும். ‘அண்டர்ஸ்டாண்ட்’ பொருளைப் பிடிப்பது. ‘மேக் அவுட்’ அதற்கும் முந்தைய படி, உருவையோ ஒலியையோ பிடிப்பது.

மருத்துவர்கள் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் தன் நன்னடத்தை விதியைத் திருத்தியது. அந்த விதி முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டால் என் வகுப்புக்கு ஒரு நல்ல உதாரணம் குறைந்துபோகும். போகட்டும்.

‘மேக்’ என்றால் செய், ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டும் சேர்ந்தால் எப்படி ‘புரிதல்’ ஆகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: ‘காட்டு’ என்றால் தெரியும், ‘கொடு’ என்றாலும் தெரியும். இரண்டையும் சேர்த்துக் ‘காட்டிக்கொடு’ என்றால் அதில் துரோகம் எங்கிருந்து வந்தது? ‘விட்டுக்கொடு’ என்பதில் யார் எதை யாருக்குக் கொடுக்கிறார்கள்? ‘கண்டுகொள்’ இன்னும் வேடிக்கை. காண்பதும் கொள்வதும் சேர்ந்த சொல்தான். ஆனால் ‘கல்யாண வீட்டில் அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை’ என்று ஒருவர் குறைப்பட்டால், நன்றாகப் பார்த்த பிறகும் பார்க்காததுபோல் போனார் என்று பொருள். அயல்நாட்டார் ஒருவர் அகராதியைப் புரட்டிக் ‘காண்’, ‘கொள்’ என்று தனித்தனியே பொருள் பார்த்தால் அந்த வருத்தத்தின் பக்கத்தில்கூட வர முடியாது.

இரண்டு சொற்கள் கூடி, தங்கள் சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப்பொருளை மாட்டிக்கொள்வது நமக்குப் புதிதே அல்ல. நாம் வினையோடு வினையைச் சேர்க்கிறோம். ஆங்கிலத்தார் வினையோடு ‘அவுட்’, ‘அப்’, ‘இன்’, ‘ஆஃப்’ போன்ற குட்டிச் சொற்களைச் சேர்க்கிறார்கள். இந்த வகைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயர். 1925இல் வெளியான ஒரு நூலில் எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் இது என்றும் அதில் குறித்திருக்கிறார். ஆக, பெயருக்குத்தான் வயது நூறு. வழக்கு அதைவிட மிகப் பழையது.

‘அவுட்’ இங்கே என்ன செய்கிறது என்று ஒரு பிடி வேண்டுமானால், மங்கலுக்குள் கிடப்பது வெளியே துலங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வெளிப்படு’, ‘வெளிச்சம்’, ‘வெட்டவெளிச்சம்’ எல்லாம் நம்மிடம் இருப்பதால் இந்தப் படம் மனத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். எல்லா ‘அவுட்’டுக்கும் இதையே பொருத்திப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் ‘தெரி’ என்பேன். ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கண்ணுக்குப் படவில்லை என்றும் பொருள், அறிவுக்கு எட்டவில்லை என்றும் பொருள். கண்ணையும் அறிவையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருப்பதில் ‘மேக் அவுட்’டுக்கு இதுதான் நெருங்கிய உறவு. ‘புலப்படு’ என்பதும் அப்படியே. ஐம்புலன், புலமை, புலவர் எல்லாம் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இடத்துக்கு ஏற்றபடி வேறு சொற்களும் உண்டு. கணக்கோ ஆளின் குணமோ கைக்குச் சிக்காதபோது ‘பிடிபடவில்லை’. கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காண்பதற்கு ‘இனங்காண்’. இருட்டில் வருவது யாரென்று தெரியாதபோது சில வட்டாரங்களில் ‘ஆள் மட்டுப்படவில்லை’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது, அச்சில் அருகிவருகிறது. இலங்கைத் தமிழில் புரிவதற்கு ‘விளங்கு’ இயல்பான அன்றாடச் சொல். தமிழ்நாட்டிலும் அது உண்டு என்றாலும், ‘இவன் விளங்கவே மாட்டான்’ என்று சாபம் கொடுக்கவும் நாம் அதையே எடுப்பதால் கொஞ்சம் பார்த்துக் கையாள வேண்டும்.

ஒரு பெரிய வேறுபாடும் இருக்கிறது. தமிழில் புரிதல் நம்மைத் தேடி வருகிறது: எனக்குப் புரிகிறது, எனக்குத் தெரிகிறது, எனக்குப் பிடிபடுகிறது. எல்லாம் நான்காம் வேற்றுமை. ‘மேக் அவுட்’டில் ‘நான்’ எழுவாயாக நின்று வேலை செய்ய வேண்டும். இதை மறந்த மாணவர் ஒருவர் ‘டு மீ இட் இஸ் நாட் மேக்கிங் அவுட்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். தமிழ் இலக்கணப்படி மாசில்லாத வாக்கியம் அது, ஆங்கிலத்தில் நிற்காது. ‘ஐ கான்ட் மேக் இட் அவுட்’ என்று ‘எனக்கு’ என்பதை ‘நான்’ ஆக்கினால் போதும்.

எப்போது பார்த்தாலும் ‘கான்ட்’ கூடவே வருகிறதே?

சிரமப்பட்டுத் தெரிந்துகொள்வது என்பதால் ‘முடிகிறது’, ‘முடியவில்லை’ என்பது பொருளிலேயே ஒட்டியிருக்கிறது. எனவே ‘கேன்’, ‘கான்ட்’, ‘குட்’, ‘குடிண்ட்’ இவற்றில் ஒன்று பெரும்பாலும் துணைக்கு வரும். ‘குட் ஜஸ்ட் மேக் அவுட்’ என்றால் ‘மட்டுமட்டாகத் தெரிந்தது’. ‘டிரை’யோடும் நன்றாகப் பொருந்தும்: ‘ஐ வாஸ் டிரையிங் டு மேக் அவுட் வாட் ஷீ வாஸ் சேயிங்’, அவர் என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

‘ஐ ஆம் நாட் மேக்கிங் அவுட்’ என்று தொடர்நிகழ்காலத்தில் மட்டும் சொல்லாதீர்கள். ‘ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று நம் ஊரில் பரவலாகச் சொல்கிறோமே, அதன் தம்பி இது. இதைவிட, அடுத்து வரப்போகும் முத்தப் பொருளுக்கும் இது வழிவிட்டுவிடும்.

‘மேக் அவுட் இட்’டா, ‘மேக் இட் அவுட்’டா?

‘இட்’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ போன்ற சிறிய பதிற்பெயர்கள் கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும். ‘மேக் இட் அவுட்’ சரி, ‘மேக் அவுட் இட்’ தவறு. முழுப் பெயர்ச்சொல்லாக இருந்தால் எங்கே வைத்தாலும் தப்பில்லை: ‘மேக் அவுட் தி நம்பர்’, ‘மேக் தி நம்பர் அவுட்’. செயப்படுபொருள் ஒரு நீண்ட தொடராக இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். நடுவில் பத்துச் சொற்களைத் திணித்தால், வாக்கியம் முடிவதற்குள் கேட்பவர் ‘மேக்’கை மறந்துவிடுவார்.

ஒரு மனிதரையும் ‘மேக் அவுட்’ செய்யலாமா?

செய்யலாம், அழகான வழக்கு அது. ‘ஐ கான்ட் மேக் ஹிம் அவுட்’ என்றால் ‘அவர் எப்படிப்பட்டவர் என்றே பிடிபடவில்லை’. நேற்று வாசல்வரை வந்து வழியனுப்பியவர் இன்று எதிரே வந்தும் முகம் கொடுக்காமல் போகிறார். நல்லவரா, கோபமா, மறதியா என்று தெரியவில்லை. கையெழுத்தைப் போலவே மனிதரும் இங்கே கிறுக்கலாகிவிடுகிறார். இருட்டில் ஆள் அடையாளம் தெரியாததற்கும் இதே வாக்கியம்தான். எது என்று சூழல் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்கிறார்களே?

நீங்கள் வாக்கியத்தை எப்படி முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 20ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்குக் காதலர்கள் நெடுநேரம் முத்தமிட்டுக் கொஞ்சுவது என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கப் படங்களும் தொடர்களும் அதை உலகெங்கும் கொண்டுபோயின. இன்று சென்னைக் கல்லூரி வகுப்பில் ‘மேக் அவுட்’ என்று கரும்பலகையில் எழுதினாலே பின்பெஞ்சில் ஒரு செருமல் கேட்கும்.

தப்பிக்க எளிய வழி உண்டு. புரிதல் பொருளில் வரும்போது எதைப் புரிந்துகொள்கிறோம் என்பது கூடவே வந்தாக வேண்டும்: எழுத்தை, குரலை, உருவத்தை, அவர் சொன்னதை. முத்தப் பொருளில் அப்படி ஒன்றும் வராது. ‘தே வேர் மேக்கிங் அவுட்’ என்று மொட்டையாக முடியும், அல்லது ‘வித்’ சேர்ந்து வரும். எனவே ‘ஐ குடிண்ட் மேக் அவுட் தி டீச்சர்ஸ் வாய்ஸ்’ என்று தாராளமாகச் சொல்லலாம், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ‘வித் தி டீச்சர்’ என்று மட்டும் முடித்துவிடாதீர்கள்.

வங்கியில் ‘மேக் அவுட் எ செக்’ என்றார்கள். செக்கை என்ன புரிந்துகொள்வது?

அங்கே எழுதி நிரப்புவது என்று பொருள். ‘மேக் இட் அவுட் டு தி கம்பெனி’ என்றால் ‘நிறுவனத்தின் பெயருக்குக் காசோலை எழுதுங்கள்’. பில், ரசீது, பட்டியல் எல்லாவற்றுக்கும் இது வரும். ‘டு’ என்பதன் பின்னால் வருவது பணம் பெறுபவர் பெயர்.

நீதிமன்றச் செய்திகளில் ‘நோ கேஸ் இஸ் மேட் அவுட்’ என்று வருகிறதே, அது?

மொழிபெயர்ப்பவர்களை வழுக்கி விழவைக்கும் இடம் இது. ஒருமுறை என் மேசைக்கு வந்த வரைவில் ‘வழக்கு புரியவில்லை என்று நீதிபதி தெரிவித்தார்’ என்றிருந்தது. நல்லவேளை, அச்சுக்குப் போவதற்குள் கண்ணில் பட்டது.

சட்ட ஆங்கிலத்தில் ‘மேக் அவுட் எ கேஸ்’ என்றால், தேவையான காரணங்களையும் ஆதாரங்களையும் காட்டி வழக்கை நிலைநிறுத்துவது. ‘நோ கேஸ் இஸ் மேட் அவுட்’ என்பதற்கு நம் செய்தித்தாள் மொழியில் அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: ‘வழக்குக்கு முகாந்திரம் இல்லை’. ‘எ பிரைமா ஃபேசி கேஸ் இஸ் மேட் அவுட்’ என்றால் ‘முதல்நோக்கில் முகாந்திரம் இருக்கிறது’. ஜாமீன் மனுக்களில் வரும்போது, ‘ஜாமீன் வழங்குவதற்கான காரணம் எதுவும் காட்டப்படவில்லை’ என்று விரித்து எழுதலாம். நீதிமன்றத்துக்கு வெளியேயும் இது உண்டு. சம்பள உயர்வு கேட்டு மேலதிகாரியிடம் நியாயங்களை அடுக்கினால் நீங்களும் ‘மேக்கிங் அவுட் எ கேஸ்’தான்.

‘ஹீ மேட் அவுட் தட் ஹீ வாஸ் சிக்’: இதில் யார் எதைப் புரிந்துகொண்டார்?

யாரும் எதையும் புரிந்துகொள்ளவில்லை. அவன் உடம்பு சரியில்லாதது போல் பாசாங்கு செய்தான், அவ்வளவுதான். ‘மேக் அவுட்’டுக்குப் பின்னால் ‘தட்’ வந்தால் உஷாராகிவிடுங்கள். பெரும்பாலும் உண்மைபோலக் காட்டிக்கொள்வது என்ற பொருள் இருக்கும், சொல்பவருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்ற தொனியும் கூடவே வரும். ‘வாட்’, ‘வேர்’, ‘வெதர்’ போன்ற வினாச் சொற்கள் வந்தால் மறுபடியும் புரிதல் பக்கம் வந்துவிட்டோம்.

இதன் செயப்பாட்டு வடிவம் மிகப் பயனுள்ளது: ‘ஹீ இஸ் நாட் அஸ் பேட் அஸ் ஹீ இஸ் மேட் அவுட் டு பீ’. அதாவது, ‘ஊர் சொல்லும் அளவுக்கு அவர் மோசமானவர் இல்லை’. புது மாமியாரைப் பற்றி ஒரு மாணவி இந்த வாக்கியத்தை எழுதியபோது வகுப்பே கைதட்டியது.

‘ஃபிகர் அவுட்’, ‘வொர்க் அவுட்’, ‘ஃபைண்ட் அவுட்’ எல்லாம் இதே பொருள்தானே?

அண்ணன் தம்பிகள், ஆனால் வேலை வேறு வேறு. மருந்துக் கடைக்கே திரும்பிப் போவோம்.

பையன் சீட்டை உற்றுப் பார்த்து ‘ஐந்நூறு’ என்பதைப் படித்தான். அது ‘மேக் அவுட்’: கண்ணின் வேலை. எம் போல ஒரு முதலெழுத்து, ஐந்நூறு, சர்க்கரை நோய் மூன்றையும் கூட்டிப் பார்த்து இது மெட்ஃபார்மினாக இருக்கும் என்று அந்தப் பெண் ஊகித்தார். அது ‘ஃபிகர் அவுட்’: மூளையின் வேலை. ‘ஃபிகர்’ என்றால் எண். கணக்குப் போட்டு விடையைக் கொண்டுவருவது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இது அமெரிக்கர்களின் செல்லச் சொல். அதே இடத்தில் பிரிட்டிஷார் ‘வொர்க் அவுட்’ என்பதை அதிகம் விரும்புவார்கள். கடைசியாகத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தார். அது ‘ஃபைண்ட் அவுட்’: தெரியாத தகவலைக் கேட்டோ தேடியோ அறிந்துகொள்வது.

எனவே ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வருவதற்கு ‘ஃபைண்ட் அவுட்’. எந்த வண்டி பிடித்தால் கல்யாணத்துக்கு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று யோசித்து முடிவு செய்வதற்கு ‘ஃபிகர் அவுட்’. ரயில் நிலைய ஒலிபெருக்கி கரகரப்பதற்குள்ளிருந்து நடைமேடை எண்ணைப் பொறுக்கி எடுப்பதற்கு ‘மேக் அவுட்’. இந்த மூன்றில் கடைசியே மிகக் கடினம் என்பது என் சொந்தக் கருத்து.

‘வாட் டு யூ மேக் ஆஃப் இட்?’ என்பதும் இதில் சேருமா?

சேராது. ‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கருத்துக் கேட்கும் கேள்வி அது. அங்கே ‘அவுட்’டே இல்லை.

அமெரிக்க நண்பர் ‘ஹவ் டிட் யூ மேக் அவுட்?’ என்று கேட்டார். பதறிவிட்டேன்.

பதற வேண்டாம். நேர்காணலுக்கோ தேர்வுக்கோ போய்விட்டு வந்திருந்தால், ‘போன காரியம் எப்படி முடிந்தது?’ என்று கேட்கிறார்.

உச்சரிப்பு?

‘மேக்’, ‘அவுட்’ என்று இடைவெளி விட்டுச் சொல்லாதீர்கள். மெய்யின் மேல் உயிர் ஏறும் என்று பள்ளியில் படித்த புணர்ச்சி இங்கேயும் நடக்கிறது: ‘மேக்கவுட்’. அழுத்தம் ‘அவுட்’டில் விழும். ‘மேக் இட் அவுட்’ வேகமாகச் சொல்லும்போது ‘மேக்கிட்டவுட்’ போலக் காதில் விழும். படங்களில் இதைக் கேட்டுவிட்டு எதுவும் புரியவில்லை என்று மாணவர்கள் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தத்தைச் சொல்லவும் இதே சொல்தான் வேண்டும்.

தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் எழுதலாமா?

புரிதல் பொருளில் தாராளமாக எழுதலாம், கொச்சை அல்ல. மிகவும் முறையான அறிக்கையாக இருந்தால் ‘டிசர்ன்’, ‘டிசைஃபர்’ போன்றவை பொருந்தும். போட்டித் தேர்வுகளில் இதைக் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியாகக் கேட்டால், பின்னால் இருக்கும் சொல்லை முதலில் பாருங்கள். கையெழுத்து, குரல், உருவம் என்றால் பெரும்பாலும் ‘அவுட்’. ‘அப்’ என்று போட்டால் கதை கட்டுவதாகவோ முகத்துக்கு ஒப்பனை செய்வதாகவோ ஆகிவிடும்.

தொலைபேசியில் எதிர்முனைக் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. என்ன சொல்லலாம்?

‘சாரி, ஐ கான்ட் மேக் அவுட் வாட் யூ ஆர் சேயிங்.’ இப்படிச் சொன்னால் சிக்னல் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் சொன்னதையே உரக்கத் திருப்பிச் சொல்வார். ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் யூ’ என்றால், உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்து, அதே கரகரப்பில், சொல் சொல்லாக நிறுத்தி விளக்க ஆரம்பித்துவிடுவார்.